கொயோட்டிக்குக் கண்ணி வைத்த அனுபவம்

டெக்சாஸில் பாஸ்ட்ராப் பக்கம் பத்து ஏக்கரில் வெள்ளாடு வளர்க்கிறோம். பிப்ரவரியில் ஒரே வாரத்தில் மூன்று குட்டிகள் போயின. மூன்றுக்கும் தொண்டையில்தான் கடி. நாயாக இருந்தால் தொடை, காது என்று கண்ட இடத்தில் குதறியிருக்கும். பக்கத்துப் பண்ணைப் பெரியவர் பார்த்ததுமே கொயோட்டி, அதாவது ஓநாயைவிடச் சின்னதான இந்த ஊர்க் காட்டு விலங்கு, என்று சொல்லிவிட்டார்.

முதல் அலைச்சல் லைசென்ஸுக்கு. போனில் விசாரித்த ஓர் அலுவலகத்தில், லைசென்ஸ் இல்லாமல் கண்ணியைத் தொடவே கூடாது என்றார்கள். லீவு போட்டு நாற்பது மைல் போனேன். அங்கிருந்த அம்மா, "உங்கள் ஆட்டை அடித்த கொயோட்டியைப் பிடிக்க ஹன்டிங் லைசென்ஸ் வேண்டாமே" என்று திருப்பி அனுப்பினார். அன்று ராத்திரி நாலாவது குட்டியும் போயிற்று. போனில் பேசியவர் மேல் கோபம் இன்னும் ஆறவில்லை.

கண்ணியின் சுருக்குக்கு மெல்லிய எஃகுக் கேபிள் வாங்கி, மினுமினுப்பும் வாடையும் போக சோடா உப்பில் கொதிக்கவைத்தது ஒரு மாலை வேலை. சறுக்கியது இடத்தில். உள்ளே ஒரு தடத்தில் கட்டினேன். விடியலில் என் பெட்டையாடே கழுத்தில் சுருக்கோடு நின்றது. சுருக்கைப் பிடிக்கும் பூட்டு, இழுக்காவிட்டால் தளர்ந்துவிடும் வகை என்பதால் பிழைத்தது. பூட்டில் மட்டும் காசு பார்க்காதீர்கள். ஆடு மேயும் பக்கம் கண்ணியே வேண்டாம்.

அப்புறம் பெரியவர் என்னை வேலி ஓரமாக முட்டி போட்டுப் பார்க்கச் சொன்னார். கம்பிக்கு அடியில் பறித்த குழி. கடைசிக் கம்பியில் சாம்பலும் பழுப்புமாக நாலைந்து மயிர். அந்தப் பக்கத்து மேய்ச்சலை அடைத்துவிட்டு அங்கே வைத்தேன். அதிலும் ஒரு தப்பு. சுருக்கைத் தரையிலிருந்து பத்து அங்குல உயரத்தில் தொங்கவிடுவது விலங்கு நடக்கும் தடத்துக்குத்தான் சரி. குழியில் கொயோட்டி வயிற்றைத் தரையோடு தேய்த்துக்கொண்டு நுழைகிறது; சுருக்கு தலைக்கு மேலே சும்மா தொங்கியது. இரண்டு மூன்று அங்குலத்துக்கு இறக்கினேன்.

பதினோராம் நாள் விடியலில் மாட்டியிருந்தது. பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. பெரியவர் துப்பாக்கியோடு வந்து உடனே முடித்தார். அதற்கு ஆளை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பிடிபட்டதைத் தவிக்கவிடக் கூடாது. நாய் வைத்திருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிவிடுங்கள். தினமும் விடியலில் போய்ப் பார்க்க முடியாதவர்கள் கண்ணியே வைக்க வேண்டாம்.

மூன்று வாரமாகிறது. பன்னிரண்டு குட்டிகளும் பத்திரமாக இருக்கின்றன. குழியைக் கல் போட்டு அடைத்துவிட்டேன். காலையில் வேலியைச் சுற்றிவருவதை மட்டும் நிறுத்தவில்லை.