வரையாட்டுக்கு எதற்கு இத்தனை லேயர்?

ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போது ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்தினால், பல நாள் வரையாடு நம்மை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும். வரையாடு எங்கெல்லாம் வாழ வாய்ப்புண்டு என்று கணிக்க நான் செய்த முதல் கணினி மாடலோ அந்த இடத்துக்குக் கிட்டத்தட்ட பூஜ்யம் மதிப்பெண் போட்டிருந்தது.

காரணம் என் பேராசைதான். வேர்ல்டுக்ளிம் என்ற காலநிலைத் தரவுத் தளத்தில் 19 காலநிலை லேயர்கள், அதாவது நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு தரும் வரைபடங்கள், சும்மா கிடைக்கின்றன. எல்லாவற்றையும் இறக்கி, உயரத்தையும் சேர்த்து, உயிரினங்களின் வாழிடத்தைக் கணிக்கும் மேக்ஸென்ட் மென்பொருளில் கொட்டினேன். அந்த வெப்பநிலை லேயர்களைத் தயாரிக்கும்போதே உயரத்தை வைத்துத்தான் கணித்திருக்கிறார்கள். ஆக, ஒரே சேதியைப் பல பெயர்களில் சொல்லியிருக்கிறேன். ஆட்டைப் பார்த்ததாக நான் கொடுத்த பதிவுப் புள்ளிகளும் பெரும்பாலும் மேலே கிராஸ் ஹில்ஸ் என்ற புல்வெளி மலைப் பக்கத்தவை. குளிர்ந்த இடம் என்றால் ஆடு என்று மாடல் முடிவுகட்டிவிட்டது.

கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருமுறை சொன்னார்: "குளிரு கெடக்குது கண்ணு, ஓடி ஒளிய பாறை இருக்குதான்னு பாரு." பெயரிலேயே வரை, அதாவது மலை, இருக்கிறது, எனக்குத்தான் உறைக்கவில்லை.

சரி, சரிவு லேயர் சேர்த்தேன். அதிலும் கோட்டை விட்டேன். வேர்ல்டுக்ளிமின் ஒரு கட்டம் ஏறக்குறைய 1 கி.மீ. அதற்குள் எஸ்ஆர்டிஎம் என்ற விண்வெளி ரேடார் உயரத் தரவின் 30 மீட்டர் கட்டங்கள் 900 அடங்கும். உயரத்தை முதலில் சராசரியாக்கி, பிறகு சரிவு கணக்கிட்டால் செங்குத்துப் பாறையெல்லாம் சாதாரண மேடாகிவிடும். 30 மீட்டரிலேயே சரிவைக் கணக்கிட்டு, அந்த 900-இல் எத்தனை 40 டிகிரியைத் தாண்டுகின்றன என்ற விகிதத்தை லேயராக்கினேன். அப்புறம்தான் பாறை தெரிந்தது.

இன்னொரு தலைவலி அந்த 19-இல் எட்டாவதான பயோ 8, அதாவது அதிக மழை பெய்யும் மூன்று மாதங்களின் சராசரி வெப்பநிலை. பாலக்காட்டுக்கு அது தென்மேற்குப் பருவம், கோயம்புத்தூருக்கு வடகிழக்குப் பருவம். படத்தில் இரண்டுக்கும் நடுவே கத்தியால் வெட்டியதுபோல் ஒரு கோடு. ஆட்டுக்கு அந்தக் கோடு தெரியாது. மழையையும் வெப்பத்தையும் இப்படியே கலக்கும் பயோ 9, 18, 19-இலும் இந்தத் தொல்லை உண்டு, நான்கையும் தூக்கிவிட்டேன்.

மிச்சமிருந்ததில் ஒட்டுறவு (கோரிலேஷன்) எண் 0.7-க்கு மேல் போகும் அளவுக்கு ஒத்துப்போகும் ஜோடிகளில் ஆட்டின் வாழ்க்கையோடு நேரடித் தொடர்புள்ளதை மட்டும் வைத்தேன். நிலப்பயன்பாட்டு லேயரின் கட்ட அளவை மாற்றும்போது மட்டும் கவனம்: குறியீட்டு எண்கள் காடு 1, வயல் 3, ஊர் 5 என்றிருந்தால் காட்டுக்கும் ஊருக்கும் சராசரி 3, அது வயல்! அருகிலுள்ள கட்டத்தின் மதிப்பை அப்படியே எடுக்கச் சொல்ல வேண்டும்.

இப்போது ஆறே லேயர். ஒன்பதாவது வளைவு, ஆட்டுக்கு ஏற்ற இடம் என்று காட்டும் ஆரஞ்சு நிறத்தில் வருகிறது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பழைய கல்குவாரியும் அதே ஆரஞ்சில் வருகிறது. அதை நாளைக்குப் பார்க்கணும்.