பில்லிங் மென்பொருளில் தெரிந்த மேலவைத் தேர்தல்

டோக்கியோவில் சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து தரும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். பொருளின் விலை, வரி, தள்ளுபடி எல்லாம் எங்கள் நிரல் வழியாகத்தான் கல்லாவுக்குப் போகும். 2025 ஜூலை 20 அன்று நடந்த ஜப்பான் நாடாளுமன்ற மேலவைத் தேர்தலை எனக்குப் புரியவைத்ததே இந்த வேலைதான்.

இங்கே நுகர்வு வரி 10%, உணவுப் பொருளுக்கு 8%. கேட்க எளிது. ஆனால் ஒரே சாப்பாட்டுப் பொட்டலத்தை வீட்டுக்கு எடுத்துப் போனால் 8, கடைக்குள் உட்கார்ந்து சாப்பிட்டால் 10. சமையலில் ஊற்றும் மிரின்கூட அதிலிருக்கும் ஆல்கஹால் அளவைப் பொறுத்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகும். 2019 அக்டோபரில் இந்த இரட்டை வரி வந்தபோது பட்ட பாட்டை எங்கள் குழுவின் மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள்.

அதனால், உணவுக்கு வரியே வேண்டாம் என்று 2025-இல் எதிர்க்கட்சிகள் பேசத் தொடங்கியதும் அலுவலகத்தில் அரசியல் நுழைந்துவிட்டது. பிரதமர் ஷிகெரு இஷிபா வரியைக் குறைக்க மறுத்து, ஆளுக்கு 20,000 யென் தருவதாக வாக்களித்தார். கடைகளின் கணினிகளை மாற்ற ஒரு வருடம் ஆகும் என்பது அவர் தரப்பு சொன்ன காரணங்களில் ஒன்று. அதில் உண்மை இருக்கிறது. வரி பூஜ்யமாகவும் ஆகலாம் என்று யோசித்து எழுதப்படாத பழைய நிரல்கள் எங்களிடமே உண்டு. ஆனாலும் எங்கள் வேலைச் சுமையைக் காட்டி அதை மறுத்தது எனக்கு ஒப்பவில்லை. செய்யச் சொல்லியிருந்தால் ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்திருப்போம்.

மேலவைக்கும் இந்த வரிக்கும் பழைய பகை உண்டு. 1989 ஏப்ரலில் 3% வரி வந்தது. அந்த ஜூலையிலேயே, இஷிபாவின் கட்சியான லிபரல் ஜனநாயகக் கட்சி முதல்முறையாக மேலவையில் பெரும்பான்மையை இழந்தது. 1997-இல் 5% ஆனது. அடுத்த வருடத் தேர்தலில் தோற்று பிரதமர் ஹஷிமோட்டோ விலகினார். 2010-இல் அப்போதைய பிரதமர் நவோட்டோ கான் 10% என்று வாயால் சொன்னதற்கே மேலவைத் தேர்தலில் அடி விழுந்தது. மேலவையைக் கலைக்க முடியாது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை பாதிப் பேர் தேர்தலைச் சந்தித்தே ஆகவேண்டும். ஆட்சியை நேரடியாகக் கவிழ்க்காமல் அதட்டி வைக்க மக்களுக்கு இது வசதி.

சரி, 2025-க்கு வருவோம். அந்தத் தேர்தலின் உண்மையான விஷயம் அரிசி. ஐந்து கிலோ மூட்டை ஒரே வருடத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்காகி 4,000 யென்னைத் தாண்டியது. கடைகளிலிருந்து வரும் விலைமாற்றக் கோப்புகளில் அரிசி வரிசைதான் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் விவசாய அமைச்சர் தாகு எத்தோ, ஆதரவாளர்கள் கொடுப்பதால் தான் அரிசி வாங்கியதே இல்லை என்று பேசி, மே மாதம் பதவியை இழந்தார். அடுத்து வந்த ஷின்ஜிரோ கொய்சுமி அரசின் கையிருப்பு அரிசியை 2,000 யென் அளவில் கடைகளுக்குத் தள்ளினார். அதற்கான புதிய பொருள் எண்களை அவசரமாகச் சேர்த்த வாரத்தில், கடைக்காரர்கள் எங்களிடம் பேசிய குரலிலேயே வாசலில் நின்ற வரிசையின் நீளம் தெரிந்தது.

சாப்பாட்டு நேரத்தில் ஒருவர், சுற்றுலாப் பயணிகள் சாப்பிட்டுத் தீர்த்ததால்தான் அரிசி இல்லை என்றார். கெட்ட மனிதர் அல்ல. டிவியில் கேட்டதைச் சொன்னார். 2024-இல் மூன்றரைக் கோடிக்கும் மேல் பயணிகள் வந்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஒரு நாடே தினமும் சாப்பிடும் அரிசியில், சில நாள் தங்கிப் போகிறவர்களின் பங்கு மிகச் சிறியது. 2023 கோடை வெயிலில் தரம் கெட்ட விளைச்சல், 2024 ஆகஸ்டில் பெருநிலநடுக்க எச்சரிக்கை வந்ததும் மக்கள் வாங்கிக் குவித்தது, இதற்கெல்லாம் முன்பே பல பத்தாண்டுகளாக நெல்லைக் குறைத்துப் பயிரிடச் சொன்ன அரசின் கொள்கை என்று காரணங்கள் பல.

இந்தக் கோபம் திசைமாறியதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. 'ஜப்பானியருக்கே முன்னுரிமை' என்று சொன்ன சான்செய்தோ கட்சி 14 இடங்களை வென்றது. 2024 முடிவில் ஜப்பானில் வாழ்ந்த வெளிநாட்டவர் சுமார் 37.7 லட்சம், மக்கள்தொகையில் 3%. நானும் அதில் ஒருவன். வருமான வரி, ஓய்வூதியச் சந்தா, மருத்துவக் காப்பீடு, அப்புறம் நானே பராமரிக்கும் கல்லாவில் நுகர்வு வரி என எல்லாம் கட்டுகிறேன். ஓட்டு இல்லை, அது இந்த நாட்டின் சட்டம், அதில் எனக்கு மனக்குறை இல்லை. ரயில் நிலைய வாசலில் ஒலிபெருக்கியில் எங்களைப் பற்றியே பேசும்போது, பக்கத்தில் நிற்பவர்களின் முகத்தைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. பிரசாரம் முடிவதற்குள் அரசும் வெளிநாட்டவர் விவகாரங்களுக்கெனத் தனி அலுவலகம் திறந்துவிட்டது.

மேலவையில் பெரும்பான்மையைத் தக்கவைக்க ஆளும் கூட்டணிக்கு 50 இடங்கள் தேவைப்பட்டன, 47 கிடைத்தன. செப்டம்பர் 7 அன்று இஷிபா விலகுவதாக அறிவித்தார். நெல்லுக்குப் பேர்போன நீகாட்டாவிலும் அவர் கட்சி தோற்றது. எங்கள் குழுவில் ஒருவரின் ஊர் அது. அப்பா இன்னும் வயலில் இறங்குகிறார். கடையில் 4,000 யென் அநியாயம் என்று மகன் சொன்னபோது, இத்தனை வருடம் 2,000 யென்னுக்கு விற்றதுதான் அநியாயம் என்றாராம் அப்பா. இருவருமே ஆளுங்கட்சிக்கு ஓட்டுப் போடவில்லை.