எண்ணெய் வழியும் முகத்துக்கு எரிச்சல் தராத ஃபேஸ்வாஷ்

எண்ணெய்ப் பசை மிகுந்த முகத்துக்கென்று விற்கப்படும் ஃபேஸ்வாஷ்களில் பெரும்பாலானவை, அந்த முகம் எதையும் தாங்கிவிடும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டவை போலவே இருக்கின்றன. எளிதில் எரிச்சல்படும் தோலுக்கென்று விற்கப்படுபவையோ, அப்படிப்பட்ட தோல் வறண்டுதான் இருக்கும் என்று எண்ணிக்கொள்கின்றன. இரண்டு குணமும் ஒரே முகத்தில் வாய்க்கப்பெற்றவர்கள் எங்கே போவது? காரைக்குடியின் சித்திரை வெயிலில் காலை பத்து மணிக்கெல்லாம் மூக்கும் நெற்றியும் மின்னத் தொடங்கிவிடும். அதைப் போக்க வலுவான சோப்பைப் போட்டால் சற்று நேரத்தில் கன்னம் சிவந்து காந்தும். என் முகமும் இந்த வகைதான். இத்தகையவர்கள் முதலில் எரிச்சலைத் தவிர்க்கப் பார்க்க வேண்டும், எண்ணெயைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது என் முடிவு.

அதற்குக் காரணம் உண்டு. முகத்தில் எவ்வளவு எண்ணெய் சுரக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் ஹார்மோன்களே தீர்மானிக்கின்றன. நாம் கழுவுவது மேலே வந்து படிந்த எண்ணெயை மட்டுமே. எத்தனை முறை கழுவினாலும் உள்ளே இருக்கும் சுரப்பி தன் வேலையை நிறுத்தாது. ஆனால் மேல்தோலின் செல்களுக்கு இடையே நீரைக் காத்து நிற்கும் கொழுப்பு அடுக்கை, கடுமையான கழுவும் பொருள் கரைத்துக்கொண்டு போய்விடும். ஆகவே கழுவிய பிறகு முகம் இழுத்துப் பிடித்தாற்போல இருந்தால், அழுக்கு நன்றாகப் போயிற்று என்று மகிழ வேண்டியதில்லை. போகக் கூடாததும் சேர்ந்து போயிருக்கிறது.

நம் வீடுகளில் இன்னும் முகத்துக்குக் குளியல் சோப்பே புழங்குகிறது. சோப்பு வாங்கும்போது உறையில் டிஎஃப்எம் அளவைப் பார்த்து, 76 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரம் என்று தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. அந்த அளவு, கட்டியில் கொழுப்புப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லுமே தவிர, அதன் காரத்தன்மையைச் சொல்லாது. காரத்தன்மையைக் காட்டுவது பிஹெச் என்ற அளவு; அது 7-க்கு மேல் போகப் போகக் காரம் கூடும். ஆரோக்கியமான தோலின் பிஹெச் ஏறத்தாழ 5. சோப்பின் பிஹெச் பொதுவாக 9 முதல் 10 வரை. தரமான சோப்பும் சோப்புதான்.

இத்துடன் எங்கள் ஊர்த் தண்ணீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். செட்டிநாட்டின் பழைய வீடுகளில் ஓட்டுக்கூரையிலிருந்து வளவுக்குள், அதாவது வீட்டின் நடு முற்றத்துக்குள், இறங்கும் மழைத் தண்ணீரை அண்டாக்களில் பிடித்து வைப்பார்கள். அது மென்மையான தண்ணீர். இப்போது பல வீடுகளில் குளியலறைக்கு வருவது ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீர். குழாய் வாயில் வெள்ளையாகப் பூத்திருக்கும் படிவமே அதில் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்திருப்பதற்குச் சாட்சி. இவை சோப்புடன் சேரும்போது கரையாத கசடாகி, அலசினாலும் முழுவதும் போகாமல் தோலிலேயே ஒட்டிக்கொள்கின்றன. சோப்பு மட்டுமன்று, ஃபேஸ்வாஷ்களில் நுரைக்கவும் அழுக்கு நீக்கவும் சேர்க்கப்படும் சோடியம் லாரில் சல்பேட்டும் கடின நீரில் கழுவும்போது தோலில் கூடுதலாகத் தங்கி எரிச்சலை மிகுவிக்கிறது என்று இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நான் செய்வது எளிது: கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு செம்பு நல்ல தண்ணீரை எடுத்துவைத்துக்கொள்வேன். குடிதண்ணீரை முகத்தில் கொட்டுகிறாயே என்று அப்பத்தா முணுமுணுப்பது தனிக்கதை.

கடையில் ஃபேஸ்வாஷ் குழாயின் முன்பக்கம் எழுதியிருப்பதை நான் படிப்பதில்லை. பின்பக்கத்துப் பொடி எழுத்தைத்தான் படிப்பேன். பொருள்கள் அளவில் மிகுந்ததிலிருந்து குறைந்ததை நோக்கி வரிசையாக இருக்கும். தோல் மருத்துவ ஆய்வுகளில் வேண்டுமென்றே எரிச்சலை உண்டாக்கிப் பார்ப்பதற்கே சோடியம் லாரில் சல்பேட்டைப் பயன்படுத்துகிறார்கள் என்று அறிந்த பிறகு, அந்தப் பெயர் முன்வரிசையில் இருந்தால் திருப்பி வைத்துவிடுவது வழக்கமாயிற்று. சோடியம் கோகாயில் ஐசெத்தியோனேட், டெசில் குளுக்கோசைடு, கோகமிடோபுரொப்பைல் பீட்டைன் போன்ற கழுவும் பொருள்கள் பொதுவாக மென்மையானவை, ஆயினும் கடைசியாகச் சொன்னது சிலருக்கு ஒவ்வாமை தருவதுண்டு. கிளிசரின் இருப்பது நல்லது. நறுமணம் சேர்த்ததை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்குவதில்லை. மிகுந்த நுரை, குளிர்ச்சி தரும் மென்தால், சுரண்டுவதற்கான மணிகள் ஆகிய மூன்றும் என் முகத்துக்கு வேண்டாதவை.

பரு மிகுந்தவர்களுக்குச் சாலிசிலிக் அமிலம் உதவும். அது எண்ணெயில் கரைவதால் துளைகளுக்குள் செல்லக்கூடியது, 0.5 முதல் 2 சதவீதம் வரை சேர்க்கிறார்கள். எரிச்சல்படும் தோலுக்குக் குறைந்த அளவில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் தொடங்குவது பாதுகாப்பு.

நலங்கு மாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் என்னை ஊருக்குள் விடமாட்டார்கள். பச்சைப்பயற்று மாவு எண்ணெயை நன்றாக உறிஞ்சும். வஸ்திரகாயம் செய்து, அதாவது மெல்லிய துணியில் சலித்து, தேய்க்காமல் குழைத்துப் பூசிக் கழுவினால் பலருக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் நாட்டு மருந்துக் கடையில் சேர்த்துத் தரும் கலவையில் பூலாங்கிழங்கு, வெட்டிவேர், கஸ்தூரி மஞ்சள், கார்போகரிசி என்று பலவும் இருக்கும். வாசனைப் பொருள்கள் இயற்கையிலிருந்து வந்தாலும் ஒவ்வாமை தரக்கூடியவைதான். கார்போகரிசியில் உள்ள சோராலென் தோலை வெயிலுக்குக் கூச்சப்பட வைப்பது. அதனால்தான் வெண்புள்ளி மருத்துவத்தில் அதை வெயிலோடு சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். அதை முகத்தில் பூசிக்கொண்டு மத்தியான வெயிலில் நடப்பது தேவையா என்று யோசிக்கலாம். கடலை மாவில் எலுமிச்சைச் சாறு பிழிந்து பூசுவதும் இதே கணக்கில் வரும்.

காலையும் இரவும், நன்றாக வியர்த்த பிறகு ஒரு முறையும் கழுவினால் போதும். வெந்நீர் வேண்டாம். துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, எண்ணெய் முகமாயினும் இலேசான ஜெல் வகை ஈரப்பூச்சு ஒன்றைப் போடுவது நல்லது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். முகம் வெளுக்கும் என்று யாரோ சொல்லி, மருத்துவர் எழுதித் தராத ஸ்டீராய்டு களிம்பைத் தொடர்ந்து பூசியதால் தோல் மெலிந்து, வெயில் பட்டாலே சிவப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்த ஃபேஸ்வாஷும் தீர்வாகாது. தோல் மருத்துவரிடம்தான் போக வேண்டும். புருவத்திலும் மூக்கோரத்திலும் செதில் உதிர்ந்து அரிப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்.

புதிதாக வாங்கும்போது கடையில் இருப்பதிலேயே சிறிய குழாயாகக் கேளுங்கள். முழங்கை மடிப்பில் தினமும் பூசி, சில நிமிடங்கள் விட்டுக் கழுவி, ஒரு வாரம் பத்து நாள் பார்த்த பிறகு முகத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒத்துக்கொள்ளாததைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வீட்டில் வேறு யாருக்காவது கை கால் கழுவ ஆகும்.