இஷாப்பூர் ரைபிளுக்கு ஸ்கோப் மாட்டிய அனுபவம்

நாற்பத்தாறு வயதில் வெள்ளெழுத்து வந்தது. படிக்கக் கண்ணாடி போட்டுக்கொண்டேன், அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ரேஞ்சில் பழைய ரைபிளைத் தோளில் வைத்தபோதுதான் என்ன இழந்தேன் என்று புரிந்தது. குறிபார்க்க ரைபிளின் மேல் இருக்கும் பேக்சைட்டின் பள்ளம், பேரல் என்கிற குழலின் நுனியில் உள்ள ஃபோர்சைட்டின் முனை, தூரத்து இலக்கு, மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். "கண்ணுக்கு ஒன்றுதான் தெளிவாகத் தெரியும், அது ஃபோர்சைட் முனையாக இருக்கட்டும்" என்று என்.சி.சி.யில் ஹவில்தார் சொல்லிக்கொடுத்தார். அந்த முனையே இப்போது எனக்கு இரண்டாகத் தெரிந்தது. அதனால் ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, மாட்டுவது என்று முடிவு செய்தேன்.

ரைபிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் இருப்பது டெக்சாஸில். இங்கே ராணுவம் கழித்துவிட்ட பழைய ரைபிள்களைச் சேகரிப்பவர்கள் நிறையப் பேர். ரஷ்ய மோசின், ஜெர்மன் மவுசர் என்று ஆளுக்கொரு பிரியம். நான் வாங்கியது இந்தியாவில் செய்தது, வங்காளத்து இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையின் 2ஏ1. இரும்பில் ஆர்.எஃப்.ஐ. என்ற முத்திரையும் 1967 என்ற ஆண்டும் இருக்கின்றன. நம் ஊரில் போலீஸ்காரர் தோளில் பார்த்த த்ரீ நாட் த்ரீயின் தம்பி என்று சொல்லலாம். உருவம் அதே லீ என்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் வடிவம்தான். 1962 சீனப் போருக்குப் பிறகு ராணுவம் 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாறிக்கொண்டிருந்தது. அந்தத் தோட்டாவின் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும்படி வலுவான எஃகில் செய்த ரைபிள் இது. என்.சி.சி.யில் டிரில்லுக்கு நாங்கள் தூக்கியது சுட முடியாதபடி செய்த டிபி ரைபிள். அதே எடை, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்டின் அதே சத்தம். பல வருடம் கழித்து அமெரிக்கக் கடை ஒன்றில் அதை மறுபடி கையில் எடுத்தபோது விட்டுவர மனம் வரவில்லை.

இங்குள்ள தமிழர்கள் பலர் கேட்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிரீன் கார்டு உள்ளவர்கள் உரிமம் பெற்ற கடையில் படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடித்து வாங்கலாம். எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்களுக்கு, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, ஃபெடரல் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. ஆசைப்பட்டுச் சிக்கலில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

சரி, ஸ்கோப். போல்ட் ஓடும் இரும்புக் கூடான ரிசீவரில் துளை போட்டு மாட்டிக்கொள்ளலாம் என்றார் ஒரு நண்பர். எனக்கு ஒப்பவில்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் ஒரு கீறல் இல்லாமல் வந்த இரும்பு அது. ஒரு முறை துளை போட்டால் போட்டதுதான், திரும்ப மூட முடியாது. வேறு சங்கடமும் உண்டு. லீ என்ஃபீல்டில் போல்டை வெளியே எடுக்க அதன் தலையை மேலே திருப்பி உருவ வேண்டும். கிளிப்பில் ஐந்து ஐந்தாகத் தோட்டாவை மேலிருந்துதான் தள்ள வேண்டும். ஸ்கோப் அங்கே உட்கார்ந்துகொண்டால் இரண்டுக்கும் இடைஞ்சல். ஆகவே பேக்சைட் இருக்கும் இடத்தில், பேரலின் மேல், முன்னால் தள்ளி ஸ்கோப்பை வைக்கும் முறையைத் தேர்ந்தேன். பேக்சைட்டைக் கழற்றி அந்த இடத்தில் ஸ்கோப்பைத் தாங்கும் ஒரு மவுண்ட், அவ்வளவுதான். எப்போது வேண்டுமானாலும் பழையபடி ஆக்கிவிடலாம்.

முதல் தவறு அங்கேயே நடந்தது. வீட்டில் சும்மா கிடந்த மான் வேட்டை ஸ்கோப்பையே பொருத்திவிடலாம் என்று நினைத்தேன். அந்த வகை ஸ்கோப்புக்குக் கண் மூன்று, மூன்றரை அங்குலத்தில் இருக்க வேண்டும். பேரலின் மேல் வைத்தால் கண் ஓரடி பின்னால் இருக்கும். உள்ளே கறுப்பு வட்டமும் நடுவில் பொட்டு வெளிச்சமும்தான் தெரிந்தன. இந்த இடத்துக்கென்றே தூரக் கண்ணுக்கான 'ஸ்கவுட்' ஸ்கோப் தனியாக வருகிறது. 2 முதல் 7 மடங்கு பெரிதாக்கும் ஒன்றை வாங்கினேன். கண் ஒன்பது, பத்து அங்குலத்தில் இருந்தாலும் முழு வட்டம் தெரிகிறது. இந்தச் செலவைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேக்சைட்டைக் கழற்ற ஒரு மாலை முழுதும் ஆனது. தோட்டாப் பெட்டியான மேகசினைக் கழற்றி, போல்டைத் திறந்து, பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை காலியாக இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன். பேக்சைட்டின் அச்சு ஊசியை ஒரு குட்டி வாஷர் பிடித்திருக்கும். அந்த வாஷரை அதைவிடக் குட்டியான ஊசி ஒன்று பிடித்திருக்கும். துரு கரைக்கும் எண்ணெயை ஊற்றி ஓர் இரவு விட்டேன். மறுநாள் ஊசியைத் தள்ளும் பித்தளைக் கம்பியை (பஞ்ச்) வைத்து, சிறு சுத்தியலால் தட்டினேன். அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டை சைட்டை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், அதை அழுத்திப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். மகளைக் கூப்பிட்டேன். "அப்பா, இது தெறிக்குமா?" என்று கேட்டுக்கொண்டே பிடித்தாள். இருவரும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தோம். அந்த வாஷர் மட்டும் தொலைந்தால் தேடி வாங்குவது கஷ்டம், அதனால் கீழே வெள்ளைத் துண்டு விரித்துக்கொள்வது நல்லது. கழற்றியது எல்லாம் ஒரு டப்பாவில் பத்திரமாக இருக்கிறது.

இனி மவுண்ட். முன்பக்கம் அதே அச்சுத் துளையில் ஊசி, பின்பக்கம் கீழ்நோக்கி அழுத்தும் இரண்டு சிறு ஸ்க்ரூ. மாட்டினேன், ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. ரேஞ்சுக்குப் போனேன். மேசையில் மணல் மூட்டையில் ரைபிளை வைத்துவிட்டுப் போல்டை உருவிப் பின்னாலிருந்து பேரல் வழியாகப் பார்த்தால் 25 கெஜத்து இலக்கு நேரே தெரியும். ரைபிளை அசைக்காமல் ஸ்கோப்பின் குறுக்குக்கோட்டை அதே புள்ளிக்குக் கொண்டுவந்தேன். காசில்லாத வழி, தாளுக்கு வெளியே தோட்டாவை வீணாக்காமல் காப்பாற்றும். முதல் தோட்டா இரண்டு அங்குலம் கீழே, ஒன்றரை அங்குலம் வலது. ஸ்கோப்பின் ஒரு கிளிக் 100 கெஜத்தில் கால் அங்குலம் என்றால், 25 கெஜத்தில் அதில் நாலில் ஒரு பங்கு, அங்குலத்தில் பதினாறில் ஒன்று. ஆக மேலே 32 கிளிக், இடது பக்கம் 24. அடுத்தது நடுவில் விழுந்தது.

மகிழ்ச்சியோடு 100 கெஜத்துக்கு மாறினேன். முதல் மூன்று பக்கத்தில் பக்கத்தில் விழுந்தன. நான்காவது இரண்டு அங்குலம் இடது. ஐந்தாவது இன்னும் தள்ளி. பத்தாவது தோட்டா முடிந்தபோது துளைகள் எட்டு அங்குலத்துக்கு ஓடியிருந்தன. முதலில் என் விசை இழுப்பைச் சந்தேகப்பட்டேன். பிறகு பேரல் சூடாகிவிட்டதோ என்று அரை மணி நேரம் ஆற விட்டேன். அப்புறமும் அதே ஓட்டம். ஒரே பக்கமாக நகர்கிறது என்றால் சுடுபவர் காரணமாக இருப்பது அபூர்வம், ஏதோ ஒன்று கழல்கிறது என்று அர்த்தம். எனக்கு அது தெரிய இருபது தோட்டா செலவானது.

வீட்டில் கழற்றிப் பார்த்தால், மவுண்டின் அடிப்பகுதி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. அதாவது முழுதாக உட்காரவே இல்லை. பழைய ராணுவ ரைபிள்களில் இந்த அளவுகள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறும், மவுண்டோ எல்லாவற்றுக்கும் பொதுவாகச் செய்தது. கையால் ஆட்டும்போது தெரியாத இடைவெளி, ஒவ்வொரு உதையிலும் முடியளவு விரிந்திருக்கிறது. குளிர்பான டப்பாத் தகரத்தை வெட்டி, ஓரத்தை மழுக்கி, அந்தப் பக்கம் அடியில் வைத்தேன். ஒரு பட்டை போதவில்லை, இரண்டு வைத்ததும் கச்சிதமாக உட்கார்ந்தது. அதைவிட முக்கியம் எண்ணெய். பல வருட எண்ணெய் இரும்பின் ஒவ்வொரு மூலையிலும் ஊறியிருந்தது. அசிட்டோனில் துணியை நனைத்து, துணியில் கறை வருவது நிற்கும்வரை துடைத்தேன். ஸ்க்ரூக்களையும் அதிலேயே போட்டுக் கழுவி, ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசையான நீல லாக்டைட் ஒரு சொட்டு விட்டு முறுக்கினேன். ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்களுக்கு, முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து அதன் காகிதத்தில் சொல்லியிருந்த அளவுதான், அதற்கு மேல் இல்லை. கை பலத்தில் முறுக்கினால் ஸ்கோப் குழாயே நசுங்கும். கடைசியாக ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலிருந்தும் மவுண்டுக்கு, ஸ்க்ரூ சுழன்றால் தெரியும்படி, நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு, ஒரு நாள் முழுதும் காய விட்டேன்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி 25 கெஜம். நடுவில் பட்டதும் 100 கெஜத்துக்குப் போனேன். அங்கே மூன்று அங்குலம் மேலே விழுந்தது. ஸ்கோப் பேரலுக்கு மேலே உயரத்தில் இருப்பதால் இது எதிர்பார்த்ததுதான். 12 கிளிக் இறக்கினேன். ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு நிமிடம் விட்டு ஐந்து சுட்டேன். மூன்று அங்குலத்துக்குள் ஐந்தும். சாதாரண ராணுவத் தோட்டாவில் இந்தக் கிழட்டு ரைபிளிடம் அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை. என்.சி.சி.யில் இதைத்தான் குரூப்பிங் என்போம், தாளைக் கழற்றி எடுத்துவந்து ஹவில்தாரிடம் காட்டும் வழக்கம் உண்டு. இந்தத் தாளையும் கழற்றி மடித்து எடுத்துவந்தேன்.

அன்று மொத்தம் நாற்பது தோட்டா. வீட்டுக்கு வந்து விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். நகப்பூச்சுக் கோடுகள் ஒன்றுகூட விலகவில்லை.