மீனைப் பார்க்காமல் நீந்துங்கள்

கடலடி வாழிடங்களைப் படம் எடுத்து முப்பரிமாண வரைபடமாக்க ஆய்வாளர்களுக்குக் கற்றுக்கொடுப்பது என் வேலை. பயிற்சிக்கு வருகிறவர்கள் பவளம், கடற்பஞ்சு, கடற்புல் பற்றி என்னைவிடப் பல மடங்கு அறிந்தவர்கள். தொடக்கத்தில் அந்த அறிவேதான் அவர்களுக்கு இடைஞ்சல்.

இந்த முறைக்குப் போட்டோகிராமெட்ரி என்று பெயர். அதன் அடிப்படை எளிது. ஒரே தரையைப் பல கோணங்களில் எடுத்த படங்களில் பொதுவான புள்ளிகளை மென்பொருள் தேடுகிறது. அவை படத்துக்குப் படம் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்பதை வைத்து, கேமரா இருந்த இடத்தையும் தரையின் மேடுபள்ளத்தையும் சேர்த்தே கணக்கிடுகிறது. இதற்கு ஒரு படத்தின் முக்கால் பங்காவது அடுத்த படத்திலும் வர வேண்டும். உழுகிறவர் சால் ஓட்டுவதுபோல் அடுத்தடுத்த கோடுகளில் போய்த் திரும்ப வேண்டும். பிறகு அதே பரப்பைக் குறுக்காகவும் கடக்க வேண்டும். உயரமும் வேகமும் மாறக் கூடாது. நீரில் ஒரே மட்டத்தில் மிதந்து நிற்கத் தெரியாதவர் கையில் நான் கேமராவைக் கொடுப்பதில்லை. சிலருக்கு இதில் வருத்தம்தான். ஆனால் கால்துடுப்பு பட்டு உடையும் பவளத்துக்கு அதைவிட வருத்தம்.

உயிரியலாளருக்கு இப்படி நீந்துவது ஒரு தண்டனை. அபூர்வமான உயிரி ஒன்றைக் கண்டால் நின்றுவிடுவார். அங்கே படங்கள் குவியும். வெறும் மணலும் உடைந்த பவளத் துண்டுகளும் கிடக்கும் இடத்தை ஒரே வீச்சில் கடந்துவிடுவார். கணினியில் ஏற்றிப் பார்த்தால், அவர் நின்ற இடம் அற்புதமாக இருக்கும், சுற்றிலும் ஓட்டைகள். "அங்கே எதுவும் இல்லையே" என்பார்கள். சில ஆண்டுகள் கழித்து அந்தத் துண்டுகளின் மேல் இளம் பவளங்கள் வளர்ந்திருந்தால், முன்பு அங்கே என்ன இருந்தது என்று எதை வைத்துச் சொல்வது?

நீர் தன் பங்குக்குப் படுத்தும். ஜிபிஎஸ் சமிக்ஞை கடலடிக்கு வராது. நீளம் தெரிந்த அளவுகோல் பட்டைகளைத் தரையில் வைக்காவிட்டால், கணினி உருவாக்கும் முப்பரிமாண மாதிரியின் வடிவம் கிடைக்கும், அளவு கிடைக்காது. திரையில் தெரியும் பவளம் உள்ளங்கை அளவா அறை அளவா என்று கணினிக்குத் தெரியாது. சிவப்பு நிறம் முதல் சில மீட்டர்களிலேயே மங்கிவிடும். ஆழம் குறைந்த இடத்தில் அலைகள் குவிக்கும் வெயில் தரையில் ஒளிவலையாக ஓடி, மென்பொருளைக் குழப்பும். மேகம் மூடிய நாள்தான் எங்களுக்கு நல்ல நாள். ஆடிக்கொண்டே இருக்கும் கடற்புல்லைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: புல்வெளியின் எல்லையை வரையலாம், இலையின் உயரத்தை இதில் நம்ப வேண்டாம்.

இவற்றையெல்லாம்விட நான் அஞ்சுவது, அழகாக வந்துவிடும் பிழையான மாதிரியைத்தான். கேமராவை எப்போதும் நேர் கீழ்நோக்கியே பிடித்து எடுத்தால், லென்ஸ் படத்தில் உண்டாக்கும் வளைவைக் கணிப்பதில் நேரும் சிறு பிழை தொகுந்து, தட்டையான தரை கிண்ணம்போல் வளைந்து வரும். வண்ணமும் நுணுக்கமும் கச்சிதமாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. கொஞ்சம் சாய்வான படங்களைச் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகும். சோதிக்கவும் வழி உண்டு. ஓர் அளவுகோல் பட்டையைக் கணக்கீட்டில் சேர்க்காமல் ஒதுக்கிவைத்து, அதன் நீளத்தை மாதிரியில் அளந்து பார்க்கலாம். தரையில் வைத்த குறிப்பான்கள் இருக்கும் ஆழத்தை முக்குளிக்கும்போதே எழுதி வந்திருந்தால், தரை வளைந்திருப்பது உடனே வெளிப்படும். ஆழம் எழுதும் வேலையைத்தான் எல்லோரும் தட்டிக்கழிக்கிறார்கள்.

அனுபவம் மிகுந்தவர்கள் சங்கிலியை நினைவூட்டுவார்கள். பவளத்திட்டின் மேடுபள்ளங்களில் படியும்படி சங்கிலியைப் போட்டு, அதன் நீளத்தை நேர்கோட்டுத் தூரத்தால் வகுத்துக் கரடுமுரடைக் கணக்கிடுவது பழைய முறை. மாதிரியிலிருந்தும் அதே எண் வருமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சங்கிலி ஒரு கோட்டைத்தான் அளக்கிறது, மாதிரி முழுப் பரப்பையும் தருகிறது. ஆனால் ஒரே மாதிரியை 1 செ.மீ. நுணுக்கத்தில் அளந்தால் ஓர் எண், 10 செ.மீ. நுணுக்கத்தில் அளந்தால் அதைவிடச் சிறிய எண். இதைக் கவனிக்காமல் இரண்டு ஆண்டுகளின் தரவை ஒப்பிட்டால், திட்டு சிதைந்துவிட்டது என்று ஒரு கட்டுரையே எழுதிவிடலாம்.

நீருக்குள் நான் அடக்கி வைக்கச் சொன்ன அறிவு மேசைக்கு வந்தபின் தேவைப்படுகிறது. படங்களை ஒன்றாகத் தைத்த பெரும்படத்தில் ஒவ்வொரு பவளத்தின் விளிம்பையும் வரைய வேண்டும். டேக்லேப் போன்ற மென்பொருள்கள் விளிம்பைப் பிடித்துத் தரும், ஆனால் எது தனி உயிர் என்று தீர்மானிப்பது மனிதர்தான். நடுப்பகுதி இறந்து இரண்டாகப் பிரிந்த பவளத்தை ஒன்றாக எண்ணுவதா, இரண்டாகவா என்று மணிக்கணக்கில் வாதிடுவார்கள். அதில் நான் தலையிடுவதில்லை. எந்த முடிவானாலும், முதல் கோட்டை வரைவதற்கு முன்பே அதை எழுதிவைக்கச் சொல்கிறேன்.