எலுமிச்சை தப்பித்தது, என்னைப் பாடாய்ப்படுத்தியது ஒரு பிளக்

வெளியே மைனஸ் 6 டிகிரி, எலுமிச்சை மரத்தை மூடிய துணிக் கூடாரத்துக்குள் 1 டிகிரி. விடிந்ததும் துணியைத் தூக்கிப் பார்த்தேன். எலுமிச்சையில் ஓர் இலைகூடக் கருகவில்லை. இது மூன்றாவது குளிர்காலம். இன்றைக்குக் கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன்.

முதல் வருடம் அடித்த கூத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உறைபனித் துணியை மரத்தின் தலையில் போட்டு, அடிமரத்தோடு இழுத்துக் கட்டிவிட்டேன். மரத்துக்குச் சொந்தமாகச் சூடு ஏது? ராத்திரி மேலே வருவது மண்ணில் தேங்கிய சூடுதான். நான் அதை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறேன். மறுநாள் இலைகளில் நீர் கோத்த மாதிரி கரும்பச்சைத் திட்டுகள். ஒரே வாரத்தில் கொழுந்தெல்லாம் காலி. இப்போது நாலு கழி நட்டு, துணி இலையில் படாமல் தரைவரை இறக்கி, ஓரத்தில் செங்கல் வைக்கிறேன்.

இரண்டாம் வருடம் சூட்டுக்காக ஒரு விளக்குச் சரம். பழைய இழை பல்பு ஒன்று 7 வாட், 25 பல்புக்கு 175 வாட், அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் மாறும். எனக்கு வந்து சேர்ந்ததோ இழை பல்பு வேடம் போட்ட எல்இடி. ஜோராக எரிந்தது, மரம் விறைத்தது. விற்றவரிடம் சண்டை போட்டும் பயனில்லை. வாங்குகிறவர்கள் பெட்டியில் வாட் கணக்கைப் பாருங்கள்.

சரி, இந்த வருடத் தலைவலிக்கு வருகிறேன். 2 டிகிரியில் விளக்குச் சரத்தைத் தானே எரியவிட்டு 7 டிகிரியில் அணைக்கும் பிளக் ஒன்று இருக்கிறதே, அது, தான் தொங்கும் இடத்தின் குளிரை மட்டும்தான் பார்க்கும். முதலில் அடிமரத்தருகே, பல்புக்கு ஒரு சாண் தள்ளி வைத்தேன். பல்புச் சூட்டில் 7 ஆனதும் அணைத்துவிடும். ஓரக்கிளையிலோ மைனஸ் 2. கூடாரத்துக்கு வெளியே வைத்தால் விடிய விடிய எரிகிறது, பகல் வெயிலிலும் அணைய மாட்டேன் என்கிறது. மூன்று ராத்திரி டார்ச்சும் தெர்மாமீட்டருமாக அலைந்தேன். கடைசியில் வடக்கு ஓரக்கிளையில், முழங்கால் உயரத்தில், பல்பு எட்டாத மூலையில் தொங்கவிட்டேன். மேலே கவிழ்த்த பிளாஸ்டிக் டப்பா, ஈரம் படாமலிருக்க. அன்றுதான் தூங்கினேன்.

வேர்ச்செடியும் மேல்மரமும் சேரும் ஒட்டுப் பகுதியை மூடிக் குவித்த மண் அப்படியே இருக்கிறது. பனிக்காலம் முடிந்ததும் தள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் பட்டை அழுகும். போன வருடம் கருகிய கிளையை அவசரப்பட்டு வெட்டி, உயிருள்ள கட்டையையும் சேர்த்து இழந்தேன். இனித் துளிர் வந்தபின்தான் கத்தரி.

அடுத்து சாட்சுமா என்கிற கமலா ஆரஞ்சு வகை ஒன்றை வாங்க ஆசை, மூவிலை ஆரஞ்சு வேரில் ஒட்டியதாக. அந்த வேர் மரத்தைக் குளிரில் நன்றாக உறங்க வைக்கும். எலுமிச்சை மாதிரி இடையில் இரண்டு நாள் வெயில் அடித்ததும் கொழுந்து விட்டு மாட்டிக்கொள்ளாது.

நாளை ராத்திரி மைனஸ் 8 என்கிறார்கள். இன்னொரு சரம் கைவசம் இருக்கிறது. ஆனால் அதையும் சுற்றினால் அந்தக் குளிர்ந்த மூலை இருக்காதே, பிளக்கை எங்கே கொண்டுபோய்த் தொங்கவிடுவது?