பிள்ளை வாய் திறந்த பிறகு: திருகோணமலையில் யாரிடம் போவது, எதைக் கையில் கொண்டுபோவது

தனக்கு நடந்த பாலியல் துஷ்பிரயோகத்தைப் பற்றிப் பிள்ளை சொன்ன முதல் வசனத்தை அதே சொற்களில் எழுதிவையுங்கள். திகதி, நேரம், அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். "அந்த அண்ணா கூடாத விளையாட்டு விளையாடுறார்" என்று பிள்ளை சொன்னால் அதைத்தான் எழுத வேண்டும். "துஷ்பிரயோகம் செய்தார்" என்று பெரியாக்களின் பாஷைக்கு மாற்றினால், நாளைக்கு நீதிமன்றத்தில் அது பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த பேச்சாகத் தெரியும்.

முறைப்பாடுகளோடு பொலிசுக்கும் வைத்தியசாலைக்கும் கூடப் போகிற எங்களுக்கு, குற்றவாளி தப்புவதற்கு அடுத்தபடியாக மனம் நோகிற விசயம் பிள்ளையிடம் திரும்பத் திரும்பக் கேட்பதுதான். அம்மா கேட்பார், பெரியம்மா கேட்பார், ரீச்சர் கேட்பார், பிறகு பொலிஸ் கேட்கும். ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன விபரம் மாறும். பயந்த பிள்ளைக்கு அது இயல்பு. ஆனால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த வித்தியாசத்தைத்தான் பிடிப்பார். ஆகவே வீட்டில் இரண்டே கேள்விகள்: "இப்ப எங்கயாவது நோகுதா?" "அந்த ஆள் இண்டைக்கும் உன்னட்ட வர ஏலுமா?" அதோடு, "நீ சொன்னது நல்லது, உன்னில ஒரு பிழையும் இல்லை" என்று சொல்லுங்கள். ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்யவேண்டாம். சொல்லத்தான் போகிறீர்கள்.

பெரும்பாலான பிள்ளைகள் வாயால் சொல்வதில்லை. கணக்குக் காட்ட முடியாத பொருட்கள் வீட்டுக்குள் வரத் தொடங்கும்: போன், ரீலோட், விலையான சப்பாத்து. படுக்கையில் சிறுநீர் போவதை நிறுத்திய பிள்ளை திரும்பவும் போகும். இருக்கவோ சிறுநீர் கழிக்கவோ நோகிறது என்னும். ஒரு குறிப்பிட்ட வீட்டு ரியூசனுக்கு மட்டும் வயிற்றுவலி வரும். இரவில் போர்வைக்குள் போன் வெளிச்சம், யாராவது அறைக்குள் வந்தால் உடனே திரை அணையும். இவற்றில் ஒன்றை வைத்து முடிவு கட்டக்கூடாது. இரண்டு மூன்று சேர்ந்து, அதுவும் குறுகிய காலத்துக்குள் வந்தால் பேசாமல் இருக்கக்கூடாது.

ஆண்பிள்ளைகளை யாரும் சந்தேகிப்பதில்லை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை உல்லாசப் பயணிகளின் காலம். அந்த நாட்களில் படகுக்கும் அறைக்கும் ஆள்பிடித்துக் கொடுக்கும் பொடியன் கையில் காசு புரண்டால் "உழைக்கிறான்" என்று விட்டுவிடுகிறோம். படிப்புச் செலவை ஏற்கிறேன் என்று வந்தவர், உள்நாட்டவரோ வெளிநாட்டவரோ, பிள்ளையைத் தனியாகக் கூட்டிப்போகக் கேட்டால் மறுத்துவிடுங்கள். ஆனாலும் கடற்கரையையே பார்த்துக்கொண்டிருந்து வீட்டைக் கோட்டைவிடக்கூடாது. பெரும்பாலும் இதைச் செய்கிறவர் பிள்ளைக்கு நன்கு தெரிந்த ஆள்.

வேலைக்கு அனுப்புவதும் இதே விசயம்தான். 2021ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 16. ஆபத்தான வேலைகளுக்கு 18. "கொழும்பில கடை, சாப்பாடு தங்குமிடம் ஃப்ரீ" என்று வருகிற தரகரிடம் கடையின் முழு விலாசத்தைக் கேளுங்கள். பிள்ளை தனியாக வீட்டோடு பேச விடுவார்களா, பிறப்புச் சான்றிதழை ஏன் வாங்குகிறீர்கள் என்றும் கேளுங்கள். வீட்டுக்கு முற்பணம் கொடுத்துவிட்டு, கடன் முடியும்வரை பிள்ளை திரும்ப முடியாது என்றால் அது கொத்தடிமை.

அழைக்க ஆதாரம் தேவையில்லை, சந்தேகம் போதும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் 24 மணித்தியாலமும் வேலை செய்யும், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், உங்கள் பெயரைச் சொல்லாமலும் விடலாம். எடுக்கமுதல் ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள்: பிள்ளையின் வயது, பாடசாலை, கிராம சேவகர் பிரிவு, எந்தப் பொலிஸ் பிரிவு, சந்தேகத்துக்குரியவர் பிள்ளைக்கு என்ன முறை, இந்த நிமிடம் பிள்ளை எங்கே. விலாசம் தெளிவில்லாததால் தேடிப்போகிறவர்கள் அலைவதுண்டு, வெருகல், குச்சவெளி போன்ற பிரிவுகளில் ஊர்ப்பெயர் மட்டும் போதாது. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். இன்றிரவே ஆபத்தென்றால் 119, அல்லது கிட்டிய பொலிஸ் நிலையம். அவசரம் இல்லையென்றால் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையோ நன்னடத்தை உத்தியோகத்தரையோ நேரில் பார்க்கலாம்.

பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் பிரிவு எங்கே என்று கேளுங்கள். பிள்ளை நம்புகிற ஒரு பெரியவர் கூடப் போனால் போதும், ஒழுங்கை முழுக்கத் திரளவேண்டாம். வாக்குமூலத்தைத் தமிழில் பதியும்படி கேட்கலாம். சிங்களத்தில் எழுதிவிட்டால் தமிழில் வாசித்து விளங்கப்படுத்தும்வரை கையெழுத்து வைக்கவேண்டாம்.

இந்த இடத்தில்தான் "சமாதானமாப் பேசி முடிப்பம்" என்று ஆட்கள் வருவார்கள். காசு என்பார்கள், கலியாணம் என்பார்கள், பிள்ளையின் பெயர் கெடும் என்பார்கள். 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை சம்மதித்தது என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை, இதை ஊர்க்கூட்டம் தீர்த்துவைக்கவும் முடியாது. பெயர் வெளிவரும் என்ற பயத்துக்கும் பதில் உண்டு: பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365இ பிரிவின்படி குற்றம். முகநூலில் போடுகிற ஊர்க்காரருக்கும் அது பொருந்தும்.

வைத்தியசாலைக்குப் போக பொலிஸ் கடிதத்துக்குக் காத்திருக்கவேண்டாம். நேரே சேர்த்தால் அங்குள்ள பொலிஸ் காவலரண் மூலம் சட்ட வைத்திய அதிகாரிக்கான படிவம் வரும். சம்பவம் கிட்டடியில் நடந்ததென்றால் பிள்ளையைக் குளிக்கவார்க்காதீர்கள், உடுப்பைத் தோய்க்காதீர்கள். ஒவ்வொரு உடுப்பையும் தனித்தனிக் கடதாசிப் பையில் போடுங்கள். பொலித்தீன் பையில் ஈரம் தங்கித் தடயம் பழுதாகும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் பலன், அவசர கருத்தடை மாத்திரையும் எவ்வளவு கெதியோ அவ்வளவு நல்லது. 72 மணித்தியாலம் கடந்துவிட்டாலும் போகவேண்டும். காயம் ஆறியிருந்தாலும் நோய்த்தொற்று, கர்ப்பம், மனநிலை எல்லாவற்றையும் பார்க்கவேண்டும். பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பது ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை.

பிள்ளையின் அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டினால் காசு கொடுக்கவேண்டாம், கொடுத்தால் தொகைதான் கூடும். பயத்தில் பலர் சமூக ஊடகக் கணக்கையே அழித்துவிடுகிறார்கள், அதோடு ஆதாரமும் போகிறது. மிரட்டிய உரையாடல், கணக்குப் பெயர், இணைப்பு முகவரி, திகதி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தபின் பிளொக் பண்ணுங்கள். பிள்ளையின் அந்தரங்கப் படத்தைப் பிரதி எடுக்கவோ, "பாருங்கோ" என்று சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பவோ வேண்டாம். அதைப் பரப்புவதே குற்றம். போனை அப்படியே பொலிசிடம் காட்டுங்கள். டேக் இட் டவுன் என்ற இலவச சேவை, படத்தைப் பதிவேற்றாமலே அதன் இலக்க அடையாளத்தை உருவாக்கி, இணைந்துள்ள தளங்களுக்குக் கொடுத்து அகற்ற உதவும்.

"சொன்னால் பிள்ளையைக் ஹோமில போடுவினம்" என்ற பயம்தான் அதிகம் வாய்மூட வைக்கிறது. சந்தேகநபர் அதே வீட்டில் இருந்தால் நீதவான் பிள்ளையை வேறிடத்தில் வைக்கக் கட்டளையிடலாம். அம்மம்மாவோ மாமியோ பொறுப்பெடுக்கத் தயார் என்றால் அவர்களின் அடையாள அட்டை, வதிவிடக் கிராம சேவகர் சான்றிதழ் இரண்டோடும் நன்னடத்தை உத்தியோகத்தரை முதல் வழக்குத் தவணைக்கு முன்பே சந்தியுங்கள். அவருடைய அறிக்கையை நீதிமன்றம் பார்க்கும்.

வழக்கு வருடக்கணக்கில் இழுபடும். மிரட்டல் வந்தால் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் சாட்சிக்குப் பாதுகாப்புக் கேட்கலாம். ஒவ்வொரு தவணைத் திகதியையும் ஒரு கொப்பியில் பதியுங்கள், பாடசாலை லீவுக் கடிதத்தில் காரணம் எழுதவேண்டாம், "குடும்பத் தேவை" போதும். நீதிமன்றத்துக்குப் போகும் நாளில் சந்தேகநபரின் ஆட்கள் நிற்கும் விறாந்தையில் பிள்ளையை இருத்தாமல், வேறு இடம் தரும்படி வழக்கைப் பார்க்கும் பொலிஸ் உத்தியோகத்தரிடம் முதல்நாளே கேட்டுவையுங்கள்.